நின்றுபோன பயணம்

வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் புறப்பட்ட பஷீர் அகமது கடைப்படியில் இறங்கியபோது அவருடைய இடது கால் இழுக்கவில்லை. கொண்டை ஊசி வளைவில் பஸ் கவிழ்ந்த நாளிலிருந்து நான்கு வருடமாக இழுத்து இழுத்து நடந்த கால் அது. ஒண்டிக்கடைச் சாலையை மூடியிருந்த மூடுபனிக்குள் அவர் நேராக, சத்தமில்லாமல் நடந்து மறைவதை மனைவி கதீஜா வாசலில் நின்று பார்த்தாள்.

பக்கத்துத் தையல் கடை மரியபுஷ்பமும் பார்த்துவிட்டாள். "ஏனுங்கக்கா, அண்ணனுக்குக் காலு நல்லாயிருச்சாட்ட இருக்குது? என்ன எண்ணெய் தேச்சீங்க?"

"ஒண்ணுமே தேய்க்கலியே புஷ்பம்."

"அப்ப ஆண்டவரு கண்ணத் தொறந்துட்டாருங்க. சந்தோசப்படுங்க."

சந்தோஷப்படத்தான் வேண்டும். ஆனால் கதீஜாவுக்குச் சந்தோஷம் வரவில்லை.

எஸ்டேட் ஆபீஸ்களுக்கு டைப் அடித்துக் கொடுக்கலாம் என்று பஷீர் பெங்களூரிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி வந்திருந்தார். அதற்குள் முன்பு யாரோ ஏற்றி வைத்த ஒரு விண்வெளி விளையாட்டு இருந்தது. கடைக்குப் பின்னால் இருந்த அறையில் சோறு தண்ணி மறந்து அதிலேயே கிடந்தார். போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கரண்ட் போனபோது அவள் மெழுகுவத்தியோடு உள்ளே போனாள். அவர் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தார். அதன்பிறகு அவர் கால் இழுக்கவுமில்லை, அவர் அந்த இயந்திரத்தின் பக்கம் போகவுமில்லை. போர்வையால் மூடிவிட்டு, "அதத் தொடாதீங்க" என்றார்.

தொடாதீங்க. கல்யாணமான நாளிலிருந்து 'ஏ கதி' என்றே கூப்பிட்டவர், அவளிடம் 'ங்க' போட்டுப் பேசியதே கிடையாது. நேற்று வேண்டுமென்றே உப்பில்லாத குழம்பை ஊற்றிப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லாமல் தின்றுவிட்டு எழுந்து போனார்.

வேறு பொம்பளையா? அந்தப் பெட்டிக்குள் எதையோ மறைத்து வைத்திருக்கிறாரா? கதீஜா கடைக்கதவைத் தாழிட்டுவிட்டுப் பின்னறைக்குப் போய்ப் போர்வையை உருவினாள்.

உச்சிப் பொழுதிலும் மூடுபனி ஜன்னலை அடைத்துக்கொண்டிருந்ததால் அறைக்குள் சாம்பல் நிற வெளிச்சம்தான் இருந்தது. ஈரச் சுவரின் நாற்றத்தோடு சூடேறும் தூசியின் வாடையும் சேர்ந்துகொள்ள, இயந்திரம் உறுமி, சிணுங்கி, கடைசியில் திரை முழுக்க நட்சத்திரங்களைக் கொட்டியது. சேலத்தில் பி.யு.சி. படித்தவள், ஆங்கிலம் படிப்பாள். புதிய பயணமா, நின்றுபோன பயணமா என்று கேட்டது. புதியதைத் தட்டினாள். பெயர் கேட்டது, கொடுத்தாள். ஒரு கப்பலைக் கொடுத்து, போ என்றது. அம்புக்குறிச் சாவிகளை அழுத்த அழுத்த நட்சத்திரங்கள் இரண்டு பக்கமும் விலகி வழிவிட்டன. செந்நிறக் கோளம் ஒன்று மெல்லப் பெரிதாகி வந்தது. பவழம் போன்ற முகம் கொண்ட ஏதோ ஒன்று எதிரே தோன்றி, எதைத் தேடி வந்தாய் என்று மரியாதையாகக் கேட்டது. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இந்த அழகுக்காகத்தான் மனுஷன் இங்கேயே கிடந்தாரா? ஒரு கணம் அவர்மேல் இரக்கம்கூட வந்தது.

பிறகு சந்தேகம் திரும்பியது. வெளியே வந்து, நின்றுபோன பயணத்தைத் தட்டினாள்.

கப்பல் ஒரு கோளில் இறங்கி நின்றிருந்தது. சுற்றிலும் புகைமூட்டம். ஓர் ஆள் கப்பலுக்கு வெளியே இருப்பதாகத் திரை சொன்னது. ஓரத்தில் அவனுடைய மூச்சுக்காற்றின் அளவைக் காட்டும் சிவப்புக் கோடு ஏறக்குறைய தீர்ந்திருந்தது. தூரத்தில் விரல்நுனி அளவுக்கு ஓர் உருவம் அசைந்தது.

இடது காலை இழுத்து இழுத்து நடந்தது.

கதீஜா சாவிகளிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். உருவம் நின்றது. திரையின் அடியில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஆங்கில எழுத்தில், தமிழ்.

'கதி, நீயா?'

எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார், நம்மைச் சோதிக்கிறார் என்று நினைத்தாள். பிறகு அடித்தாள்: 'யாரு?'

'ஞாயித்துக்கெழம கரண்ட் போச்சல்ல. அப்பருந்து இங்கதான் கெடக்கறன். மூச்சு முட்டுது. கப்பல் கதவத் தொற.'

நம்பவில்லை. வேறு யாருக்கும் தெரியாத ஒன்றைக் கேட்டாள்: 'நம்ம புள்ளைக்கு என்ன பேரு வெக்கலாம்னிருந்தம்?'

எழுத்துகள் மறுபடி விழுந்தன.

'ரஹமத். பொறக்காமயே போனவள இப்ப எதுக்குக் கேக்கற கதி?'

அவள் அழுதுகொண்டே கதவு திறக்கும் சாவியைத் தேடி அழுத்தினாள். கப்பலின் கதவு மெல்ல மெல்ல இறங்கியது. உருவம் ஓடி வந்தது. விழுந்தது. எழுந்தது. காலை இழுத்துக்கொண்டு மறுபடி ஓடியது.

கடைக்கதவு தட்டப்பட்டது.

"கதவத் தொறங்க."

பஷீரின் குரல். அதே குரல்.

"கதீஜா. கதவத் தொறங்க."

அவள் எழவில்லை. 'சீக்கிரம் வாங்க, சீக்கிரம்' என்று அடித்தாள். தட்டுவது நின்றது. காலடிச் சத்தம் இல்லை. மூடுபனியைத் தவிர ஜன்னலில் ஒன்றுமில்லை.

சமையலறைப் பக்கம் கதவு கிறீச்சிட்டது. அதைத் தாழிட அவள் மறந்திருந்தாள்.

குளிர் முதலில் வந்தது. பிறகு ஒரு வாடை. சூடேறிய தூசி, எரிந்த ஒயர். முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

திரையில் உருவம் ஏணிக்கு வந்துவிட்டது. ஒரு கையால் பிடித்தும்விட்டது.

தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. பஷீரின் கை. பஷீரின் மோதிரம். ஜில்லென்று அவள் கன்னத்தை உரசிக்கொண்டு போய், நிதானமாக ஒரே ஒரு சாவியை அழுத்தியது.

கப்பல் எழும்பியது.

ஏணியிலிருந்து உருவம் உதிர்ந்தது. புகைக்குள் இரண்டு கைகளையும் தூக்கியபடி நின்றது. கோள் சிறுத்தது. கை சிறுத்தது. ஆள் புள்ளியானான். திரையின் அடியில் எழுத்துகள் மட்டும் வந்துகொண்டே இருந்தன.

'கதி'

'கதி'

'கதி'

அந்தக் கை திரும்பி வந்து அவள் தோளில் தங்கியது. "நொம்பப் பசிக்குதுங்க," என்றது பஷீரின் குரல், அவள் காதோரம்.

'க'