முடியாமப் பொலி

கான் இந்நேரம் வந்திருக்க வேண்டும். நாற்பத்திரண்டு தேயிலைச் செடி, அப்புறம் ஒரு சவுக்கு மரம், அதன் காலடியில் மழைத்தண்ணீர் ஓடும் கான். கந்தப்பளைப் பக்கத்து அந்த மலையில் பத்து வருஷமாகக் கொழுந்து பறிக்கும் வேலாயிக்கு, ஓரத்து நிரை எங்கே முடியும் என்று கண்ணை மூடினாலும் தெரியும்.

ஐம்பத்தொன்று எண்ணியாயிற்று.

காலையில் நேரம் பிந்தித்தான் மலைக்கு வந்தாள். ஐந்து மாதக் கைப்பிள்ளை சர்மிளா, வேலை முடியும்வரை பிள்ளைகளை விட்டுவைக்கும் பிள்ளை மடுவத்தில் ஆயாவிடம் போகமாட்டேன் என்று அவள் சேலையைப் பிடித்துக்கொண்டது. மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டிய அந்தக் குட்டிக் கையைப் பிரித்து, பத்து மணிக்குப் பால் கொடுக்க வருவதாகச் சொல்லிவிட்டு ஓடிவந்தாள். அதற்குள் எல்லோரும் நிரை பிடித்துவிட்டார்கள்.

"நேத்து ஒங் கொழுந்து ஒரு ஆட்டுக்குட்டிக்கே பத்தாது வேலாயி," என்றார் இராமையா கங்காணி. "இன்னைக்கு நெரய முடிச்சிட்டுத்தான் புள்ளகிட்ட போவணும்."

நாலு பேர் சிரித்தார்கள். முதல் கைக்கொழுந்தைக் கூடையில் போடும்போது, பெருகட்டும் என்று எல்லோரும் சொல்வதுபோல் "பொலி, பொலி" என்றவள், அந்த எரிச்சலில் ஒன்றைச் சேர்த்தும் சொன்னாள்.

"முடியாமப் பொலி."

பக்கத்து நிரையில் அழகம்மாவின் சிரிப்பு நின்றது. "அப்புடிச் சொல்லாதீங்க அக்கா. போதும்னு ஒரு எடம் வேணும்ல."

பிறகு பனி இறங்கியது. ஈரத் தேயிலையின் பச்சை வாசமும், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கின் புளித்த வாடையும், எங்கோ நின்று நின்று கேட்ட கங்காணியின் அதட்டலும் கொஞ்சம் கொஞ்சமாக அந்த வெள்ளைக்குள் கரைந்துபோக, கொழுந்து ஒடியும் சத்தம் மட்டும் அவள் விரல்களுக்குக் கீழே மிஞ்சியது. பால் கட்டிக்கொண்டு மார்பு வலித்தது. பத்து மணி ஆகியிருக்கும்.

நேற்று அடுப்படியில் மூத்த மகள் சொன்னது நினைவுக்கு வந்தது. வானத்துக்கு எல்லை இருக்கிறதா, இல்லாமல் போய்க்கொண்டே இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாதாம். யாழ்ப்பாணத்துக் கனகாம்பிகை டீச்சர் சொன்னாராம். எல்லை இருந்தால் அங்கே என்னம்மா இருக்கும் என்று கேட்டாள். ரொட்டியைப் புரட்டிக்கொண்டே, கான் இருக்கும் என்றாள் வேலாயி. வீடே சிரித்தது.

முந்நூறுக்கு மேல் எண்ணுவதை விட்டாள். எவ்வளவு போட்டும் கூடை நிறையவில்லை. வந்த வழியே போய்விடலாம் என்று திரும்பினாள்.

இப்போதுதான் பறித்த செடிகள். ஒவ்வொன்றிலும் கொழுந்து. கை படாததுபோல.

"அழகம்மா."

பக்கத்து நிரைக்குள் நுழையப் பார்த்தாள். செடிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வழிவிடவில்லை.

அப்போது முன்னால் பிள்ளை அழுதது. அவள் பிள்ளைதான். பால் தானாகச் சுரந்து ரவிக்கையை நனைத்தது. ஓடினாள். அழுகை நெருங்கவில்லை. ஆனால் மாறியது.

"அம்மா," என்றது.

சர்மிளாவுக்கு இன்னும் பேச்சு வரவில்லையே.

ஓடினாள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் குரல். மூச்சு வாங்கியது. குமரிப் பெண்ணின் குரல். ஓடினாள். கோபம் தீர்ந்துபோன, யாரையோ பறிகொடுத்த பெண்ணொருத்தியின் குரல். பிறகு இருமல். நெஞ்சுக்கூடு கழன்ற கிழட்டு இருமல்.

வேலாயி நின்றாள்.

"அம்மா." அவளைவிட மூத்த குரல். மிகப் பக்கத்தில். "நெர முடிஞ்சுதா?"

மார்பிலிருந்து பால் இன்னும் இளஞ்சூடாக வழிந்துகொண்டிருந்தது.

பனிக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு அவள் சேலையைப் பிடித்தது. காலையில் பிடித்த அதே இடத்தில். தோல் சுருங்கிய, நரம்பு புடைத்த கை. அதன் மணிக்கட்டில், சதைக்குள் புதைந்துபோய், கைப்பிள்ளையின் அளவுக்குக் கட்டிய கறுப்புக் கயிறு.