கப்பல் நேரம்

"மேடம்... அது நின்னு ரொம்ப நேரமாச்சு."

பின்னாலிருந்து குரல் வந்தது. அவள் திரும்பவில்லை. கப்பலேறும் வரிசை நகருவேனா என்றது. பக்கத்தில் அம்மா மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தாள். இந்த நேரத்தில் யாரோ ஒருவருடைய அரட்டைக்கு அவளிடம் இடமில்லை.

மறுபடி மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

"அதைத்தான் சொல்றேன். நீங்க எத்தனை தடவை பார்த்தாலும் அது அதே மணியைத்தான் காட்டும்."

இப்போது திரும்பினாள். ஒடிசலான உருவம். தோளில் ஒரு சின்னப் பை. கண்கள்... மிகச் சின்னதாக எதையாவது உற்றுப் பார்த்துப் பழகிய கண்கள். அவை அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"ஊரான் கையை எல்லாம் பார்த்துட்டு நிக்கிறதுதான் உங்க வேலையா சார்?"

"ஆமா மேடம். கடிகாரக் கடை."

அம்மா சிரித்துவிட்டாள். அவளுக்குக் காது சூடானது.

அவள் ஒரு பயண அலுவலகத்தில் கப்பல் சுற்றுலாப் பிரிவைப் பார்த்துக்கொள்பவள். எத்தனையோ குடும்பங்களைக் கடலுக்கு அனுப்பி வைத்திருக்கிறாள். கப்பல் கிளம்பும் ஊருக்கு முந்தின நாளே போய்ச் சேருங்கள். மாத்திரையைப் பெரிய பெட்டியில் போடாதீர்கள், பெட்டி அறைக்கு வந்து சேர மாலையாகிவிடும். ஆட்டம் ஒத்துக்கொள்ளாதவர்கள் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுவில் அறை கேளுங்கள். இதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் அவள் கப்பலேறுவது இதுதான் முதல் தடவை.

அம்மாவுக்குக் கடலைப் பார்க்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. ஆனால் பயந்தால் மூச்சு இழுக்கும், மூச்சு இழுத்தால் இன்னும் பயப்படுவாள். அண்ணன் போனில் கத்தினான்.

"அம்மாவைத் தண்ணியில கூட்டிட்டுப் போறியா? உனக்கென்ன பைத்தியமா? அங்க ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா... இறங்கின அன்னிக்கே அம்மாவை என் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடுவேன். அப்புறம் நீ பார்க்க வர்றதோட சரி."

அண்ணன் சொன்னால் செய்வான். அம்மா இல்லாத வீட்டை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதனால் இந்தப் பயணத்தில் எதுவும் தப்பாகக் கூடாது... எதுவுமே.

*

அன்று இரவு உணவுக் கூடத்தில் அவர்கள் மேஜையிலேயே அவனும் வந்து உட்கார்ந்தான்.

"சத்தியமா நான் கேட்கலைங்க. அவங்க கொடுத்த மேஜை" என்றான், நாற்காலியை இழுப்பதற்கு முன்பே.

பெரிய மேஜையாகக் கேட்டு முன்பதிவு செய்தது அவள்தான். நாலு பேர் பழக்கமாவார்கள் என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்லும் அதே யோசனை. யாரை நொந்துகொள்வது?

"தனியாவா வந்திருக்கீங்க தம்பி?" அம்மா கேட்டாள்.

"ஆமாம்மா. அக்கா டிக்கெட் போட்டுக் கொடுத்துட்டா. ஒரு வாரம் கடையைப் பூட்டலைன்னா, கடையோட சேர்த்து உன்னைப் பூட்டிடுவேன்னு மிரட்டல்." கண்ணைக் கசக்கினான். "ஆனா தூக்கம்தான் வரலை. மத்தியானம் படுத்தேன். தலைக்கு மேல தடதடன்னு யாரோ ஆடிட்டே இருக்காங்க."

"உங்க அறைக்கு மேல டான்ஸ் ஹால் இருக்கும்" என்றாள் அவள், தன்னையறியாமல். "தள வரைபடத்தைப் பார்க்காம அறை எடுத்தா அப்படித்தான். மேலயும் அறை, கீழயும் அறை... அப்படி இருக்கிற அறையாப் பார்த்து எடுக்கணும்."

"இதை அக்காகிட்ட யாராவது சொல்லியிருக்கலாம்."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"அடுத்த தடவை உங்ககிட்டயே கேட்கிறேன் மேடம்."

அடுத்த தடவையா? அவள் சூப்பைக் குனிந்து குடித்தாள். அவன் கையை நீட்டினான்.

"அந்த வாட்ச்சைக் கொடுங்க. பேட்டரிதான். பையில இருக்கு."

"விடுமுறைக்கு வந்த இடத்துல கூடவா?"

"நின்னு போன வாட்ச்சை எதிர்ல வெச்சுக்கிட்டு எனக்குச் சாப்பாடு இறங்காதுங்க."

மேஜைத் துணியின் மேல் கடிகாரத்தைக் கவிழ்த்து, மூடியைத் திறந்து, மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்தான். அவன் இமைகள் எவ்வளவு நீளம்... என்ன நினைப்பு இது என்று தன்னைத் தானே அதட்டிக்கொண்டாள். அவன் கூடத்துச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்து முள்ளைத் திருப்பி, அவளிடம் நீட்டினான்.

"உங்க கையில ஒண்ணும் காணோமே?" அவள் கேட்டாள்.

"நாள் பூரா காதுக்குள்ள டிக் டிக்குங்க. கையிலயும் ஒண்ணு எதுக்கு?"

அம்மா அன்று இரண்டு முறை சிரித்தாள். மூச்சு இழுக்கவில்லை. அதற்காகவே அவனை மன்னித்துவிடலாம் போலிருந்தது.

*

முதல் துறைமுகம். அம்மாவுக்குப் படியிறங்க முடியவில்லை.

"நீ போயிட்டு வா பாப்பா. நான் இங்கயே ஜன்னலோரம் உட்கார்ந்துக்கறேன். நேரத்துக்கு வந்துடு. நீ இல்லாம இது கிளம்பிடுச்சுன்னா..."

"கப்பல் கிளம்ப இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கும்மா. நான் ஒரு மணி நேரம் முன்னாலயே வந்துடுவேன்."

கப்பல் யாருக்காகவும் நிற்காது. கரையில் என்ன மணியானாலும் சரி, கப்பல் நேரம்தான் நேரம். அவள் தினமும் சொல்லும் வாசகம் அது. போனை மட்டும் அறையிலேயே விட்டுவிட்டாள். வெளிநாட்டில் பயன்படுத்தினால் கட்டணம் ஏறும் என்பதும் அவள் யோசனைதான். இறங்கும் வாசலில் அவன் நின்றிருந்தான்.

"உங்க பேச்சைக் கேட்டு நானும் போனை உள்ளேயே வெச்சிட்டேன். வழி தெரியலைன்னா நீங்கதான் பொறுப்பு."

சேர்ந்து நடந்தார்கள். வேண்டுமென்று இல்லை... தெரு ஒன்றுதான் இருந்தது. மழை பெய்யலாமா வேண்டாமா என்று வானம் யோசித்துக்கொண்டிருந்தது. சதுக்கத்துக்கு வந்ததும் அவன் நின்றுவிட்டான். எதிரே உயரமான கோபுரம். அதில் பெரிய கடிகாரம்.

அவன் அதைப் பார்த்தான். அவள் மணிக்கட்டைப் பார்த்தான். முகம் விழுந்துவிட்டது.

"ஐயோ... உங்க வாட்ச் ஒரு மணி நேரம் முந்தி ஓடுது."

"அப்படியா?"

"என் கையால சரி பண்ணின வாட்ச்சுங்க! அந்தச் சாப்பாட்டு ஹால் கடிகாரத்தை நம்பி வெச்சேன் பாருங்க... அப்பவே அது மேல எனக்கு ஒரு சந்தேகம். கொடுங்க, கொடுங்க."

அவ்வளவு பதற்றம், அவ்வளவு வெட்கம் அவன் முகத்தில். ஏதோ குழந்தைக்கு மருந்து மாற்றிக் கொடுத்துவிட்டவன் போல. அவள் கழற்றிக் கொடுத்தாள். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டு அவன் கோபுரத்தையும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் பார்வை கோபுரத்தின் மேல். அவள் பார்வை அவன் மேல்.

"இப்ப சரி. கோபுரத்துக் கடிகாரத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது."

அவன் கட்டிவிடும்போது விரல் நுனி அவள் மணிக்கட்டில் பட்டது. உடனே எடுத்துக்கொண்டான். "சாரி..."

"பரவாயில்லை" என்று சொல்ல நினைத்தாள். மணிக்கட்டை இன்னொரு கையால் மூடிக்கொண்டாள்.

பிறகு ஒரு டீக்கடையின் கண்ணாடி ஓரம். மழை வந்தேவிட்டது. கண்ணாடியில் துளிகள் ஒன்றையொன்று துரத்தின. அவன் கடையைப் பற்றிச் சொன்னான்... பழுது பார்க்கக் கொடுத்துவிட்டு வாங்க வராதவர்களின் கடிகாரங்களுக்கும் தினமும் சாவி கொடுப்பானாம். "ஒருநாள் வந்துட்டாங்கன்னா?" அவள் சிரித்தாள். அப்புறம் ஏனோ சிரிப்பு வரவில்லை. வராதவர்களுக்காகக் காத்திருக்கும் மனிதனா இவன்...

அப்போது துறைமுகத்திலிருந்து கப்பலின் ஊதல் கேட்டது. நீளமாக... ஒரு தரம்.

"வேற ஏதாவது கப்பலா இருக்கும். நமக்குத்தான் இன்னும் நேரம் இருக்கே" என்றான்.

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். மணிக்கட்டைப் பார்த்தாள். இந்த ஊர் மணி வேறு. கப்பல் மணி வேறு. சாப்பாட்டு ஹால் கடிகாரம் சரிதான். கப்பல் நேரம்... கப்பல் நேரம்! கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னவள், கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள்!

"எங்கம்மா..." என்றாள். ஓடினாள்.

மழையில் தெரு வழுக்கியது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். கரை நகருவதைப் பார்ப்பாள். பாப்பா வரவில்லையே என்று எழுந்திருப்பாள். மூச்சு இழுக்கும். மருந்து பம்ப் எங்கே என்று கை தேடும். அடுத்த துறைமுகம் இரண்டு நாள் தள்ளி... கடவுளே, கடவுளே...

பின்னால் அவன் ஓடி வரும் சத்தம். "இதோ பக்கத்துலதான்... விழுந்துடாதீங்க..."

ஏணிப்படியை மேலே இழுக்கக் கயிறு மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் இருவருடைய அறை எண்களையும் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஊழியர் ஒருவர் குடையோடு ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்து ஏற்றினார். உள்ளே, வாசலருகே ஒரு நாற்காலியில் அம்மா. பக்கத்தில் நர்ஸ். அம்மா முகம் வெளுத்திருந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது. மகளைப் பார்த்ததும் பம்ப்பைப் பிடித்திருந்த கை மடியில் தளர்ந்து விழுந்தது.

"வந்துட்டியா" என்றாள். அவ்வளவுதான்.

அவள் திரும்பினாள். சொட்டச் சொட்ட நின்றவனைப் பார்த்தாள்.

"உங்க கடிகாரமும் நீங்களும்! எங்கம்மாவுக்கு ஏதாவது ஆகியிருந்தா? உங்க தொழில் பெருமையைக் காட்ட என் கைதானா கிடைச்சுது?"

சுற்றி நின்ற எல்லோரும் பார்த்தார்கள். அவன் அம்மாவைப் பார்த்துக் கை கூப்பிவிட்டுப் போய்விட்டான். அவன் நடந்த இடமெல்லாம் தண்ணீர்த் தடம்.

*

மறுநாள் அவன் மேஜை மாறிவிட்டான்.

அவளுக்குத் தெரியும்... தப்பு யாருடையது என்று. ஊருக்கெல்லாம் சொல்பவள் ஏன் மறந்தாள்? அந்தக் காரணத்தை யாரிடம் சொல்வது? போய் மன்னிப்புக் கேட்டால் அதையும் சொல்ல வேண்டிவரும். கேட்கவில்லை. நாள்கள் கடல் மாதிரியே ஓடின. எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி. அம்மா தேறிவிட்டாள், ஆனால் கடைசி இரவு உணவு வரை அவனைப் பற்றி வாய் திறக்கவில்லை.

கடைசி இரவில் திறந்தாள்.

"அந்தப் பையன் மூணு வேளையும் நம்ம பக்கம் பார்க்காமலே சாப்பிடுறான்."

"பார்க்கலைன்னா நல்லதுதானே."

"ஒரு தடவை கூடத் திரும்பாம சாப்பிடணும்னா எவ்வளவு கஷ்டப்படணும் பாப்பா? நீயும்தான் கஷ்டப்படுற. கழுத்து வலிக்கலையா உனக்கு?"

"அம்மா! அன்னிக்கு உனக்கு மூச்சே நிக்கப் பார்த்துச்சு. அவரால..."

"அவனாலயா?" அம்மா நிமிர்ந்து பார்த்தாள். மகள் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்தாள்.

"அண்ணன்கிட்ட சொல்லிடுவியா?" தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எதை? நான் ஜன்னலோரம் உட்கார்ந்து கடல் பார்த்தேன். அதைச் சொல்வேன்."

*

இறங்கும் காலை. பெட்டிகளையெல்லாம் முந்தின நாளே அறை வாசலில் வைத்தாகிவிட்டது. அவை கரைக்குப் போய்விட்டன. பயணிகள் பெரிய கூடத்தில் காத்திருந்தார்கள். குழுவுக்கொரு நிறத்தில் அட்டை. நிறம் சொல்லிக் கூப்பிட்டால் போக வேண்டும், போனால் அவரவர் வழி. அம்மாவும் அவளும் பச்சை.

அவன் கையில் நீலம் இருந்ததைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டாள். அவன் பேர் தெரியும். ஊர் தெரியாது, கடை எங்கே என்று கேட்டதில்லை. வாசலைத் தாண்டிவிட்டால்... கடல் போல ஒரு நாடு. அதில் எந்த ஊரில், எந்தத் தெருவில் போய்த் தேடுவது?

"நீல அட்டை உள்ளவர்கள்" என்றது ஒலிபெருக்கி.

ஒரு கூட்டம் எழுந்தது. தலைகள், தோள்கள், பைகள்... அவனைக் காணோம். போய்விட்டானா? எழுந்து நின்றாள். கால் விரல்களில் நின்று பார்த்தாள். நீலம் முழுக்க வாசலைக் கடந்துவிட்டது.

"எங்க பாப்பா?"

"இதோ வந்துடறேம்மா..."

கூடத்தின் கடைசியில், தூணுக்குப் பின்னால், அவன் நின்றுகொண்டிருந்தான். கையில் நீல அட்டை அப்படியே.

"உங்களைக் கூப்பிட்டாச்சே!" மூச்சு வாங்கியது அவளுக்கு.

அவன் தலை குனிந்தான். அவளும் குனிந்து பார்த்தாள். அவன் காலில் கப்பல் அறையில் கொடுக்கும் வெள்ளைத் துணிச் செருப்பு.

"ஷூவையும் பெட்டியில வெச்சு அனுப்பிட்டேன். எங்கயோ நினைப்பு. கூட்டம் எல்லாம் போகட்டும்னு..."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணீரும் வந்தது. எது முதலில் என்று தெரியவில்லை.

"நான் சொல்லியிருப்பேன். மறுநாள் போட வேண்டியதைத் தனியா எடுத்து வைங்கன்னு..."

"நீங்கதான் பேசலையே."

"பேச வந்திருக்கேன்." கைகளைக் கோத்துக்கொண்டாள். "அன்னிக்கு உங்களை அத்தனை பேர் முன்னால திட்டினது தப்பு. கப்பல் நேரம் எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு யாருக்கும் தெரியாது. ஆனா நீங்க அந்தக் கோபுரத்துக்குக் கீழ நின்னு முள்ளைத் திருப்பினப்போ... நான் வாட்ச்சைப் பார்க்கவே இல்லை."

"அப்புறம்?"

"உங்களைப் பார்த்துட்டு இருந்தேன்."

சொல்லிவிட்டாள். கூடத்துச் சத்தமெல்லாம் எங்கோ தள்ளிப் போனது. அவன் அவள் கையைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தான். முதல் தடவையாக, வேறெதையும் பார்க்காமல்...

"அன்னிக்கு மழையில ஓடும்போது எனக்கு ரெண்டு பயம். உங்க அம்மாவுக்கு எதுவும் ஆகக் கூடாதுன்னு ஒண்ணு. இனிமே நீங்க என்கூடப் பேசவே மாட்டீங்களோன்னு இன்னொண்ணு. ரெண்டாவது வர்றதுக்கு அது நேரமே இல்லை... ஆனா வந்துச்சு. அதை உங்ககிட்ட எந்த முகத்தோட சொல்றது?" என்றான்.

"இந்த முகத்தோடயே சொல்லுங்க."

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப."

"பச்சை அட்டை உள்ளவர்கள்" என்றது ஒலிபெருக்கி.

அவள் பதறித் திரும்பினாள். அம்மா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பச்சை அட்டையால் மெல்ல விசிறிக்கொண்டிருந்தாள். எழுந்திருப்பதாகவே காணோம்.

"அம்மா... நம்மளைத்தான் கூப்பிடறாங்க!"

"கூப்பிடட்டும்" என்றாள் அம்மா. "நீங்க பேசி முடிச்சுட்டு வாங்க. இனி இது எங்கயும் கிளம்பாது."