முப்பத்தேழு பேர் காப்பாற்றிய பெண்

ஹர்ஷிதா வீட்டுக் கூடத்தில் வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது. சோபாவுக்கும் டீவி மேசைக்கும் நடுவே தண்ணீர் சுழித்துக்கொண்டு போயிற்று. ஈரமண் வாசனைகூட அடித்தது. தன்விகா காலைத் தூக்கிக்கொள்ளவில்லை. ஆறு வருடமாக எழுமலர் விற்கிறவளுக்கு அது நனைக்காது என்று தெரியாதா?

ஒரு காலத்தில் பள்ளிக்கூடங்களில் ஆண்டு மலர் என்று தாளில் அச்சடித்துக் கொடுத்தார்களே, அதன் பேத்திதான் எழுமலர். உள்ளங்கை அகலத்தில் ஒரு வில்லை. தரையில் வைத்துத் தட்டினால் பிள்ளையின் பள்ளி வருடம் முழுவதும் ஆளுயரத்துக்கு எழுந்து நிற்கும். வகுப்பறையிலும் மைதானத்திலும் வகுப்போடு வெளியே போகும் இடங்களிலும் பறக்கும் பதிவுத்தும்பிகள் எடுத்த காட்சிகளை நிறுவனத்தின் நினைவுத்தறி ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக நெய்து கொடுக்கும். வியாபாரமே அந்தத் தனித்தனியில்தான் இருந்தது. விலை குறைந்த ஓரமலர் வாங்கினால் தறி அவ்வளவாக மெனக்கெடாது. விலை கூடிய தலைமலர் வாங்கினால் கொஞ்சம் கைவேலை செய்யும். மூன்றாம் வரிசையில் நின்ற பிள்ளை நடுவுக்கு வரும், ஓட்டத்தில் ஐந்தாவதாக வந்தது முதலாவதாக வரும். ஒரு வீட்டு மலர் இன்னொரு வீட்டில் விரியாது என்பதால் ஊரில் யாருக்கும் யாரோடும் சண்டையில்லை.

"எந்த முக்கியமான நேரத்துலயும் உங்க பிள்ளைதானுங்க முன்னால நிக்கும்" என்று சொல்லித்தான் தன்விகா மகள் படிக்கும் வகுப்பிலேயே முப்பத்தேழு தலைமலர் விற்றிருந்தாள். வகுப்பில் மொத்தம் முப்பத்தெட்டுப் பேர். மிச்சம் ஒருத்தி அவள் மகள் மருதாயி. அவளுக்கு நிறுவனம் ஊழியர் வீட்டுக்கு இலவசமாகத் தரும் ஓரமலர் போதும் என்று தன்விகா விட்டுவிட்டாள். பொய் ஜோடனை பிறத்தியார் பிள்ளைகளுக்குத்தான், தன் பெண்ணுக்கு உண்மையே இருக்கிறது என்ற திமிர்.

அந்த உண்மை என்னவென்று ஊருக்கே தெரியும். போன ஆடியில் வகுப்போடு தென்னந்தோப்புக்கு விருந்துக்குப் போன இடத்தில் ஹர்ஷிதாவின் மகள் பூவாத்தாள் வாய்க்காலில் விழுந்தாள். மருதாயி குதித்து இழுத்து வந்தாள். கரைக்கல் கிழித்து முழங்கையில் ஏழு தையல். அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் இதே ஹர்ஷிதா மருதாயியின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"இந்த வருசமும் தலைமலரே போட்டுக்குங்க" என்றாள் ஹர்ஷிதா. "இருங்க, இந்த இடத்தைப் பாத்துட்டுப் போங்க. வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் இதைத்தான் போட்டுக் காட்டறது."

கூடத்து வாய்க்காலில் ஒரு பெண் மூழ்கி மூழ்கி எழுந்தாள். கரையிலிருந்து பூவாத்தாள் பாய்ந்தாள். எதிர்நீச்சல் போட்டு, தலைமயிரைப் பற்றி, இழுத்துக் கரையில் போட்டாள். கரையில் கிடந்தவள் இருமிக்கொண்டே முகத்தைத் திருப்பினாள். அது மருதாயி.

தன்விகா கையை நீட்டிக் காட்டினாள். "இது எம்பொண்ணுங்க."

"ஆமாங்க, உங்க மருதாயிதான்." ஹர்ஷிதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லிக்காட்டக் கூடாதுன்னுதான் இத்தனை நாளு நான் வாயத் தொறக்கலைங்க."

தன்விகா அவள் கண்ணைப் பார்த்தாள். பொய் சொல்கிறவளின் கண்ணாக அது இல்லை. மூன்று மாதமாக, விருந்தாளி வந்தபோதெல்லாம் பார்த்துப் பார்த்து நம்பிவிட்டவளின் கண். தன்விகா கையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

அன்று மாலைக்குள் இன்னும் ஐந்து வீடு ஏறினாள். "போன வருச மலர்ல வாய்க்கால் இடம் தெளிவா விழுந்திருக்கான்னு பாக்கோணுங்க" என்று நிறுவனத்தின் பேரைச் சொல்லித் திறக்க வைத்தாள். ஐந்து கூடத்திலும் வாய்க்கால் ஓடிற்று. ஐந்திலும் குதித்தது அந்தந்த வீட்டுப் பிள்ளை. ஐந்திலும் மூழ்கியது மருதாயி.

கடைசி வீட்டுப் பையன் தறியை விட ஒரு படி மேலே போனான். "ஆன்ட்டி, மருதாயிக்கு இப்பப் பரவால்லீங்களா? தண்ணியக் கண்டா பயப்படறாளா?" என்று அக்கறையாக விசாரித்தான். அவன் கன்னத்தில் அறையாமல் படியிறங்கியதே பெரிய காரியம்.

மருதாயி வீட்டில் பள்ளிப்பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். சில மாதமாகவே இப்படித்தான். "எல்லாரும் என்னைய என்னமோ சொல்றாங்கம்மா" என்று சித்திரையில் ஒரு நாள் ஆரம்பித்தாள். கேலி பண்ணுகிறார்கள் போல என்று தன்விகா ஆர்டர்ப் பட்டியலிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"என்ன சொல்றாங்க கண்ணு? இப்பச் சொல்லு."

"தினமும் ஒருத்தர் தனியா வந்து, நான் மட்டும் குதிக்கலீன்னா நீ இன்னிக்கு இருக்கமாட்டேங்கறாங்க. நான்தான் பூவாவை இழுத்தேன்னா, பொய் சொல்றா, நன்றி கெட்டவள்ங்கறாங்க. பூவாவும் அப்பிடித்தான் சொல்றா."

"அவளுமா?"

"அவதாம்மா மொதல்ல." மருதாயி முழங்கைத் தழும்பைத் தடவினாள். "நேத்து எல்லாருக்கும் தனித்தனியா நன்றி சொல்லீட்டேன்."

"எதுக்குடி சொன்னே?"

"சொல்லாட்டி யாரும் பேசமாட்டேங்கறாங்க. அதுவுமில்லாம, சில சமயம் எனக்கே சந்தேகமா இருக்குதும்மா. முப்பத்தேழு பேருக்கு ஞாபகம் இருக்குது. எனக்கு ஒருத்திக்குத்தான் வேற மாதிரி ஞாபகம் இருக்குது."

ஆறு வயதில் கிணற்றில் இறக்கி, வயிற்றடியில் கை கொடுத்து அவளுக்கு நீச்சல் பழக்கியவள் தன்விகா. அந்தப் பெண் தனக்கு நீந்தத் தெரியுமா என்று யோசிக்கிறாள். தன்விகாவுக்குக் கோபம் வந்தது. ஊர்மேல் பாதி, தன்மேல் மீதி. முப்பத்தேழு வீட்டுப் படியேறி, பல்லைக் காட்டி, இதை விற்றவள் அவளேதான்.

மறுநாள் காலை வட்டார மேலாளர் யஷ்வந்தின் மேசையில் தன் அடையாள வில்லையை விட்டெறிந்தாள். "மூலப்பதிவை எடுங்க. தும்பி எடுத்தது, தறிக்குப் போறதுக்கு முந்தினது."

"நெய்து முடிச்ச அன்னிக்கே அழிச்சர்றோமுங்க. பிள்ளைங்க அந்தரங்கம், சட்டம் இருக்குது." யஷ்வந்த் கோபப்படத் தெரியாதவன், அதனாலேயே மேலாளர் ஆனவன். "தறி மேல தப்பில்லீங்க. அதுக்கு ஒரே விதி. தலைமலர் பிள்ளைய எந்த எடத்துலயும் கீழ காட்டாது. காப்பாத்தறதுக்கு ஆள் இருந்தா, முழுகறதுக்கும் ஆள் வேணுமில்லீங்களா? வகுப்புல தலைமலர் வாங்காதது உங்க பாப்பா ஒண்ணுதான். எடுத்துக்கிச்சு."

"எடுத்துக்கிச்சா? அவ உசுரக் குடுத்துக் குதிச்சவடா!" மரியாதை அவளையறியாமல் கழன்று விழுந்தது.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலைங்க. நீங்களும் தலைமலர் போட்டுக்குங்க, ஊழியர் தள்ளுபடி உண்டு. உங்க பாப்பாதான் காப்பாத்தற மாதிரி நெய்து தர்றோம்."

"எம்பொண்ணு செஞ்சதை எம்பொண்ணு செஞ்சதாக் காட்டறதுக்கு உனக்கு நான் காசு கட்டோணுமா?"

"கட்டினாலும் முழுகறது பூவாத்தாளா இருக்காதுங்க" என்றான் யஷ்வந்த் நிதானமாக. "அவங்க தலைமலர். வேற முகம் ஒண்ணு செஞ்சு போட்டர்லாம்."

நாற்காலியைத் தூக்கி அவன் தலையில் போட்டிருப்பாள். அதைவிட நல்ல யோசனை ஒன்று வந்ததால் விட்டாள். ஆடிப் பதினெட்டுக்கு அதே தோப்பில் நிறுவனம் முகப்புவிழா வைத்திருந்தது. சாகசம் நடந்த இடத்திலேயே பிள்ளைகளை நிறுத்தி வரும் மலருக்கு முகப்புப் படம் எடுப்பது, பெற்றவர்களைக் கூட்டி அங்கேயே ஆர்டர் வாங்குவது. ஒலிபெருக்கி பிடிக்கப் போகிறவள் அவள்தான். முப்பத்தேழு பேரும் பெற்றவர்களோடு முதல்தடவையாக ஒரே இடத்தில் இருப்பார்கள். மேசையில் கிடந்த அடையாள வில்லையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

பதினெட்டு அன்று வாய்க்கால் கரை தொட்டு ஓடியது. நிறுவனத்தின் காவலாட்கள் இரண்டு பேரும் பந்தலில் இலை முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். தும்பிகள் தலைக்கு மேல் ரீங்கரித்தன. பிள்ளைகள் கரையில் வரிசையாக நிற்க, பெற்றவர்கள் பின்னால் தென்னை நிழலில் நின்றார்கள். யஷ்வந்த் கட்டைவிரலை உயர்த்தி, ஆரம்பிக்கலாம் என்று ஜாடை காட்டினான்.

"கண்ணுகளா" என்றாள் தன்விகா. "போன ஆடியில இந்தத் தண்ணிக்குள்ள குதிச்சு ஆளைக் காப்பாத்துனவங்க கையத் தூக்குங்க பாக்கலாம்."

முப்பத்தேழு கைகள் உயர்ந்தன.

சிரிப்போடு உயர்ந்த கைகள்தான். பிறகு ஒன்று பக்கத்துக் கையைப் பார்த்தது. "நீ எதுக்குடா தூக்கறே?" என்றது ஒரு குரல். "நான்தான்டா குதிச்சேன்." "போடா, நானு!" ஒரு நொடியில் வரிசை கலைந்து தள்ளுமுள்ளு ஆயிற்று. கையைத் தூக்காத மருதாயி மட்டும் தனியே நின்றாள்.

தன்விகா பெற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "இப்ப நீங்க சொல்லுங்க. இதுல ஒண்ணுக்காச்சும் நீச்சல் தெரியுமா? கொளத்துல எறக்கியிருக்கீங்களா, கெணத்துல எறக்கியிருக்கீங்களா? ஹர்ஷிதா, நீங்க சொல்லுங்க. ஆஸ்பத்திரியில யார் காலைப் புடிச்சு அழுதீங்க?"

ஹர்ஷிதா முந்தானையைச் சரிசெய்தாள். மற்றவர்கள் தென்னை உச்சியைப் பார்த்தார்கள். யஷ்வந்த் ஒலிபெருக்கியைப் பிடுங்க ஓடி வந்தான். பூவாத்தாளின் அம்மா வாயிலிருந்து ஒரே ஒரு சொல் வந்தால் போதும் என்று மருதாயி கண்கொட்டாமல் ஹர்ஷிதாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெற்றவர்களை மடக்கவேண்டும் என்ற வெறியில் தன்விகா பிள்ளைகளை மறந்துவிட்டாள். அதுதான் அவள் செய்த பிசகு. பெரியவர்களுக்கு அது விலை கொடுத்து வாங்கிய பொய். பிள்ளைகளுக்கோ அது கை காலில் ஏறிவிட்ட ஞாபகம்.

"எங்கம்மாவ ஏன் கேக்கறீங்க? என்னையக் கேளுங்க!" பூவாத்தாள் அழுதுகொண்டே கத்தினாள். "எனக்குத் தெரியும். இப்பக் காட்டறேன் பாருங்க!" செருப்பை உதறிவிட்டு விளிம்புக்கு ஓடினாள்.

அப்போதுதான் ஹர்ஷிதாவுக்கு வாய் திறந்தது. "பூவா, வேண்டாம்! உனக்கு நீச்சல் தெரியாது சாமி!"

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்குதும்மா!"

"அது பொய்யிடி! காசு குடுத்துப் போட்டது! நீதான்டி முழுகினே, நீதான்!"

பூவாத்தாள் குதித்தாள். அவளைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் ஓட, பெற்றவர்கள் பாய்ந்து ஆளுக்கொரு கையைக் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு கத்தினார்கள். "உனக்குத் தெரியாதுடா!" "நீ குதிக்கவே இல்லடா!" மூன்று மாதமாகச் சொல்லாத உண்மையை ஒரே நிமிடத்தில் தொண்டை கிழியச் சொன்னார்கள். பிடியிலிருந்து திமிறிய பிள்ளைகளில் ஒன்றுகூட நம்பவில்லை.

பூவாத்தாளின் கை ஒரு தடவை மேலே வந்தது. அடுத்த தடவை வரவில்லை. தன்விகா ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு ஓடுவதற்குள் மருதாயி தண்ணீரில் இருந்தாள். சந்தேகம் என்று சொன்னாளே, அந்தச் சந்தேகமெல்லாம் அவள் கைகளுக்கு இல்லை. நீரோட்டத்தோடு போய், முங்கி, தலைமயிரைப் பற்றி, இருபதடி தள்ளிக் கரைக்கல்லில் ஒதுங்கினாள். பழைய தழும்புக்கு மேலேயே தோல் கிழிந்து ரத்தம் வடிந்தது.

பூவாத்தாள் குப்புறக் கிடந்து தண்ணீரைக் கக்கினாள். மூச்சு திரும்பி வந்ததும் அவள் செய்த முதல் காரியம் மருதாயியின் கையை இறுகப் பிடித்ததுதான்.

"பயந்துட்டியா மருதா?" என்றாள் இருமலுக்கு நடுவே. "பயப்படாதே. ரெண்டாவது தடவையும் நான் புடிச்சுட்டேன் பாரு."

ஹர்ஷிதா ஓடிவந்து விழுந்து மகளைக் கட்டிக்கொண்டாள்.

"சொல்லுங்க" என்றாள் தன்விகா. "இத்தனை பேர் முன்னாலயும் கத்துனீங்களே, அதையே இப்ப அவகிட்டச் சொல்லுங்க. எம்பொண்ணு கேக்கட்டும்."

ஹர்ஷிதா மகளின் ஈரத்தலையைக் கோதினாள். அவள் கண் மருதாயியின் முழங்கைக்குப் போயிற்று. அங்கிருந்து மேலே, தலைக்கு நேராக நின்று பதிவு செய்துகொண்டிருந்த தும்பிக்குப் போயிற்று.

"நானாம்மா காப்பாத்துனேன்?" என்றாள் பூவாத்தாள்.

"ஆமா சாமி, நீதான்."

பிறகு தன்விகாவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "இந்த வருசத்து ஆர்டர் அப்பிடியே இருக்கட்டுங்க."