வெளியே நிற்பவன்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு கஜபதி ஷெட்டுக்குள் நுழைந்தபோது, அவருக்கு முன்பே வந்து தரையைப் பெருக்கி முடித்திருந்த தம்பி ஜெகதீசன், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, "வாங்க சார்" என்றான்.

அந்தக் குரலில் கேலி இல்லை. கோபமும் இல்லை. ஆய்வுக்கு வந்த வெளியூர் அதிகாரியை வரவேற்பதுபோல் மரியாதையாகச் சொன்னான். பிறந்த நாற்பத்தாறு வருடத்தில் அவன் கஜபதியை அண்ணா என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. குடித்துப் புரண்ட நாட்களிலும் அந்த ஒரு சொல் மட்டும் அவன் வாயில் பழுதாகாமல் இருந்தது.

கஜபதி தலையை மட்டும் அசைத்துவிட்டுக் கையுறையை எடுத்தார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஞாயிற்றுக்கிழமையின் அமைதிக்கு ஒரு கனம் உண்டு. ஆறு நாளும் பக்கத்து ஷெட்டின் பிரஸ் இடிக்கும் அதிர்வு காலடி வழியாக ஏறி வயிற்றில் வந்து உட்கார்ந்திருக்கும். அது நின்றுபோன நாளில் உடம்பு தானாகவே அதைத் தேடும். தகரக் கூரைமேல் புறாக்களின் நகங்கள் கீறும் ஓசை, கழுவும் தொட்டியின் குழாய் நிதானமாகச் சொட்டும் ஓசை, எத்தனை முறை கழுவினாலும் சுவரை விட்டுப் போகாத வெந்த பெயின்ட் நெடி, இவற்றுக்கு நடுவே தன் செருப்புச் சத்தம் இரண்டு பேர் நடப்பதுபோல் கூரையில் பட்டுத் திரும்பி வருவதை அவர் கேட்டுக்கொண்டே நடந்தார்.

ஷெட்டின் கடைசியில் ஓவன் நின்றது. ஒரு லாரியின் அளவுள்ள இரும்பு அறை. மின்விசிறிக் கூடுகளுக்கும் ஸ்விட்ச் பெட்டிகளுக்கும் நிறத்தூள் அடித்து, டிராலியில் தொங்கவிட்டு, உள்ளே தள்ளி, கதவைச் சாத்தி எரிவாயுத் தீயில் வேகவைப்பார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு ஆள் உள்ளே போய்ச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். போகிறவன் மெயின் ஸ்விட்சை அணைத்து, யாரும் போட முடியாதபடி தன் பூட்டால் பூட்டுவான். மற்ற இடங்களில் சாவியும் அவனிடமே இருக்கும். இந்தக் கம்பெனியில் அப்படி இல்லை. சாவியை வெளியே நிற்பவன் கையில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சோதனைக்கு வந்த ஒருவர் இது தவறு என்று எழுதியபோது, ஃபோர்மன் என்ற முறையில் கஜபதிதான் எழுந்து நின்று பேசினார். இங்கே கூட வேலை செய்கிறவனை நாங்கள் சந்தேகப்படுவதில்லை, சாவியைக் கொடுப்பதுதான் எங்கள் மரியாதை என்றார். அன்று எல்லோரும் கைதட்டினார்கள்.

இன்று அவருடைய முறை. வெளியே நிற்பவன் ஜெகதீசன்.

வெள்ளானூரில் அவர்கள் குடும்பத்தில் கம்பெனிச் சட்டை போட்ட முதல் ஆள் கஜபதி. அப்பாவும் தாத்தாவும் அடுத்தவர் வயலில் குனிந்தவர்கள். அவர் குனியவில்லை. ஊர்க் கூட்டத்தில் அவருக்கு நாற்காலி உண்டு. பதினோரு வருடத்துக்கு முன், மனைவி விட்டுப் போய்த் திரிந்துகொண்டிருந்த தம்பியை இங்கே கொண்டுவந்து, "என் ரத்தம், நான் பொறுப்பு" என்று சொல்லிச் சேர்த்துவிட்டார். அந்த வாக்கை அவர் இன்றுவரை சுமந்துகொண்டிருந்தார்.

போன மார்ச்சில்தான் சுமை கனத்தது. தேநீர் எடுத்துக் கொடுக்கவில்லை என்ற அற்பக் காரணத்துக்காக, கிஷோர் என்ற இளைஞன் முதுகைக் காட்டி நின்ற நேரத்தில், ஜெகதீசன் இரும்பு டிராலியைத் தள்ளிவிட்டான். கிஷோரின் வலது கையில் இரண்டு விரல்கள் தூணோடு நசுங்கிப் போயின. யார் தள்ளியது என்று கிஷோர் பார்க்கவில்லை. விசாரணையில் அவன் ஒரே ஒரு சாட்சியைத்தான் சொன்னான். கஜபதி அண்ணாத்தே எதிரே நின்றுகொண்டிருந்தார், அவர் பொய் சொல்ல மாட்டார், அவர் என்ன சொல்கிறாரோ அதை எழுதிக்கொள்ளுங்கள் என்றான்.

யாரும் தள்ளவில்லை, பையன் கை தவறிவிட்டது என்றார் கஜபதி.

கிஷோர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தலையாட்டிவிட்டு, இடது கையால் கோணலாகக் கையெழுத்துப் போட்டான். கவனக்குறைவு என்று அவன் பேரில் எழுதி, வாசல் கேட்டில் காவலுக்கு உட்காரவைத்தார்கள். இன்று காலையிலும் அவன்தான் கதவைத் திறந்துவிட்டான்.

வேறு என்ன செய்திருக்க முடியும்? மகள் காவ்யாவுக்குக் கொரட்டூரில் இடம் முடிவாகியிருந்தது. உங்கள் வகையறாவில் யாருக்காவது மூளைக் கோளாறு உண்டா என்று மாப்பிள்ளையின் தாய்மாமன் நேராகவே கேட்டார். மூன்று தலைமுறையில் கிடையாது என்று கஜபதி அதைவிட நேராகச் சொன்னார்.

ஆனால் ஜெகதீசன் அதோடு நிற்கவில்லை. ஓவனிலிருந்து வந்த சூடான கொக்கியை அருள்மொழி என்ற பெண் உட்காரும் பலகையில் வைத்துவிட்டு, அவள் அலறியதை ஒரு பூச்சியைப் பார்ப்பதுபோல் பார்த்தான். வீட்டில், விடிகாலையில் கஜபதி கண் விழிக்கும்போது ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். என்ன என்று கேட்டால், நீ மூச்சு விடுறியான்னு பார்த்தேன் என்பான்.

வெள்ளிக்கிழமை கஜபதி ஆபீசுக்குப் போய், எச்.ஆர். பார்க்கும் சௌம்யாவிடம் கதவைச் சாத்தச் சொன்னார். தம்பியை வேறு யூனிட்டுக்கு மாற்ற வேண்டும், யாருக்கும் தெரியக்கூடாது. அழுத்தமான காரணம் எழுத்தில் வேண்டும் என்றாள் அவள். எழுதிக் கொடுத்தார். இவனோடு தனியாக வேலை செய்ய எனக்கு அச்சமாக இருக்கிறது. கிஷோர்மேல் டிராலியைத் தள்ளியதும் இவனே, நான் கண்ணால் கண்டேன். அந்தத் தாள் இந்த மேஜையைத் தாண்டாது என்று சௌம்யா தன் அம்மாமேல் ஆணையிட்டாள்.

அதிலிருந்து இரண்டே நாள். இன்று அண்ணா போய், சார்.

மெயின் ஸ்விட்சைப் பூட்டினார். சாவி உள்ளங்கையில் சில்லென்று இருந்தது. ஜெகதீசன் கையை நீட்டிக்கொண்டு நின்றான். கேட்டைப் பூட்டிவிட்டு வந்த கிஷோர், கொஞ்ச தூரத்தில் ஒரு டிரம்மின்மேல் உட்கார்ந்து இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தான். மூட்டு வலிக்கிறது, இன்று நீ போ என்று தம்பியிடம் சொல்லிப் பார்த்தார்.

"போன மாசம் நான் போனேன் சார்" என்றான் ஜெகதீசன். "உன் கையில சாவி குடுத்துட்டு தான் போனேன். ஒரு வார்த்த கேட்டேனா?"

நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். சாவி என்னிடமே இருக்கட்டும் என்றும் சொல்லியிருக்கலாம். ஆனால் அதைக் கிஷோரின் முன்னால் சொல்ல வேண்டும். தன் ரத்தத்தைத் தானே நம்பவில்லை என்று அவன் முன்னால். கஜபதி முதுகை நிமிர்த்திக்கொண்டு சாவியைத் தம்பியின் கையில் வைத்தார். அந்தக் கை வியர்க்கவே இல்லை.

உள்ளே இருட்டாக இருந்தது. கைவிளக்கை ஆணியில் மாட்டிவிட்டு, கடைசிச் சுவரிலிருந்து சுரண்ட ஆரம்பித்தார். சொட்டி வெந்து கல்லாகிப்போன தூள் செதில் செதிலாகப் பெயர்ந்து விழுந்தது. நீலம், சாம்பல், ஆரஞ்சு. நேற்றைய சூடு சுவருக்குள் இன்னும் உயிரோடு இருந்தது; முழங்கை பட்ட இடத்தில் இரும்பு வெதுவெதுப்பாக, காய்ச்சல்காரன் தோல்போல் இருந்தது. சுரண்டுவார், நிறுத்துவார், கேட்பார். குழாய் சொட்டியது. புறாக்கள் நடந்தன. வெளியே இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஜெகதீசனும் கிஷோரும் மார்ச்சுக்குப் பிறகு பேசிக்கொள்வதில்லை.

சுரண்டியை நிறுத்தினார். பேச்சும் நின்றது. சுரண்டினார். மறுபடி பேச்சு. வார்த்தை எதுவும் பிடிபடவில்லை. ஒருவன் கேட்பதுபோலவும் மற்றவன் படித்துக் காட்டுவதுபோலவும் அதற்கு ஒரு சீர் இருந்தது. கஜபதி வாசலை நோக்கி நடந்தார். எட்டு அடி. ஆறு அடி.

வாசல் வெளிச்சத்தை மறித்துக்கொண்டு ஜெகதீசன் உள்ளே வந்தான்.

வெளியே நிற்பவன் உள்ளே வரக்கூடாது. அவர் அதைச் சொல்ல வாயெடுத்தார். அவன் அவரைத் தாண்டி நடந்து, விளக்கின் அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பக்கத்துத் தரையைக் கையால் தட்டினான்.

"உக்காருண்ணா."

அண்ணா என்று வந்ததில் ஒரு கணம் நெஞ்சு இளகியது. அதற்காகவே தன்மேல் அவருக்கு வெறுப்பு வந்தது.

"நேத்து அந்தம்மா கூப்ட்டுச்சு" என்றான் ஜெகதீசன். "படிச்சுக் காட்டுச்சு. ஒரு ஜெராக்ஸும் குடுத்துச்சு. உங்க அண்ணனே எழுதிக் குடுத்துகிறாரு, நாங்க இன்னா பண்றதுன்னு கேட்டுச்சு. நல்லா எழுதிகீறேண்ணா. உன் கையெழுத்து எப்பவும் அழகு. பயமா கீதாமே என்கூட தனியா இருக்க."

கஜபதிக்குச் சௌம்யாவின் முகம் நினைவுக்கு வந்தது. தாயின்மேல் ஆணையிட்டவள். தாள் மேஜையைத் தாண்டாது என்றவள். இருபத்தாறு வருடம் உழைத்தவனின் மானத்தை ஒரே நாளில் பிரதி எடுத்துக் கொடுத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமையே அவள் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். யார் முகத்தில் என்ன தெரிந்தது அவருக்கு?

"ராவெல்லாம் யோசிச்சேன்" என்றான் ஜெகதீசன், ஆறுதல் சொல்பவன்போல. "நான் வெளிய நின்னா தானே உனக்கு பயம்? அதான் நானும் உள்ள வந்துட்டேன். இனிமே இன்னா பயம்?"

கதவு மூடியது.

வேகமாகக்கூட மூடவில்லை. கனமான கதவு கீலில் முனகிக்கொண்டே வந்து பொருந்தி, வெளித் தாழ் ஏறும் ஓசை இரும்பு முழுவதும் ஓடியது. உள்பக்கம் கைப்பிடி இல்லை. எப்போதுமே இருந்ததில்லை.

"ஜெகா. சாவி எங்கே?"

"வெளிய ஒருத்தன் நிக்கணும்ல. அவங்கிட்ட குடுத்தேன்."

கஜபதி கதவை அறைந்தார். கையுறைக்குள் எலும்பு வலித்தது. கதவில் கை நுழையும் அளவுக்கு ஒரு சோதனைத் துளை உண்டு. அதன் மூடி நகர்ந்தது. ஒரு துண்டு வெளிச்சம். அதில் கிஷோரின் வாயும் தாடையும் மட்டும் தெரிந்தன. அவன் மூச்சு சீராக இருந்தது.

"அண்ணாத்தே" என்றான். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு டிராலிய யாரு தள்னது? நீயே உன் வாயால சொல்லிடு. நான் கதவத் தொறந்துட்டு ஊட்டுக்குப் போயிடறேன்."

கேள்வி எளிதானது. பதில் ஒரே பெயர். அந்தப் பெயர் தொண்டைவரை வந்தது. ஆனால் பின்னால் தம்பி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். உண்மை தெரிந்தால் இவன் திறப்பானா? சொன்ன அடுத்த கணம் பின்னாலிருப்பவன் என்ன செய்வான்? திறந்துவிட்டால் நாளைக்குள் எஸ்டேட் முழுக்கப் பேச்சாகும். கொரட்டூருக்குப் போகும். காவ்யா. ஊர்க் கூட்டத்து நாற்காலி. இவன் கையில் இரண்டு விரல்தான் போயிற்று. இந்தக் குடும்பத்தின் பெயரைக் கட்ட மூன்று தலைமுறை ஆயிற்று.

கஜபதி முதுகை நிமிர்த்தினார்.

"யாரும் தள்ளலப்பா" என்றார். "உன் கை தவறிடுச்சு. விசாரணையில சொன்னதுதான்."

துளையின் மூடி மெதுவாக நகர்ந்து வெளிச்சத்தைத் துடைத்தது. காலடிகள் விலகின. அவசரமில்லாத காலடிகள்.

பின்னால் ஜெகதீசன் செல்லமாகச் சிரித்தான்.

"அந்த ஜெராக்ஸ் எங்கேன்னு நீ கேக்கவே இல்லியே."

கஜபதி திரும்பவில்லை.

"அவங்கிட்ட தாண்ணா கீது. சாவியோட சேத்து குடுத்தேன். மூணு தபா படிக்கச் சொன்னான். படிச்சேன். என் அண்ணன் பொய் எழுத மாட்டாரு, சும்மா கேட்டுப் பாருன்னேன். கேக்கறான் பாவம்."

வெளியே பூட்டு திறந்தது. சின்னச் சத்தம். ஸ்விட்ச். பெரிய சத்தம்.

கூரையில் உள்விசிறி முனகியது. தீ பற்றுமுன் அது இரண்டு நிமிடம் சுற்றும். இந்த ஓவனை இங்கே நிறுவியவர் அவர். இரண்டு நிமிடம். கதவை அறைந்தார். கிஷோர் என்றார். ஜெகாதான், ஜெகா தள்ளினான் என்று கத்தினார். முதல் முறையாக. விசிறியின் இரைச்சல் அந்தப் பெயரை எடுத்து அரைத்தது. இரும்புக்கு அப்பால் யாரும் இல்லை.

ஒரு கை அவர் மணிக்கட்டைப் பற்றிக் கீழே இழுத்தது. பெரிய பலம். குழந்தையின் பிடிபோல் விடாத பிடி. முழங்கால் மடங்கி உட்கார்ந்தார்.

காற்று தரையைத் தொட்டது. சுரண்டிப் போட்ட தூள் எல்லாம் எழுந்தது. நீலம். சாம்பல். ஆரஞ்சு. விளக்கைச் சுற்றித் திருவிழாபோல் சுழன்றது. அதன் நடுவே ஜெகதீசன் தலையை நிமிர்த்தி, வாயை அகலத் திறந்து, ஓசை கேட்காமல் சிரித்துக்கொண்டிருந்தான். திறந்த கண்களின்மேல் தூள் படிந்தது. அவன் இமைக்கவில்லை. நாக்கு நீலமாகிக்கொண்டே வந்தது.