பிடிக்காத கடைசிச் சரணம்

"இதை எழுதினவளுக்குக் காது இருக்கா, இல்ல சும்மா கம்மல் மாட்டறதுக்கு வச்சிருக்காளா?"

மழைக்காகச் செருப்புக் கடை வாசலில் ஒதுங்கியிருந்த ருவாதி திடுக்கிட்டுத் திரும்பினாள். பக்கத்தில் நின்றவன் அவளைக் கேட்கவில்லை. கையிலிருந்த வாலிபர் சங்கப் பத்திரிகையைக் கேட்டுக்கொண்டிருந்தான். பாதி நனைந்த சட்டை, நெற்றியில் ஒட்டிய முடி... அந்தக் கண்கள்! ஐஸால் நகரத்தில் இத்தனை கோபமான, இத்தனை அழகான கண்களை அவள் பார்த்ததே இல்லை. ரசிக்க நல்ல நேரம் பார்த்தேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஏனென்றால் அவன் விரல் குத்திக்கொண்டிருந்த பக்கத்தை எழுதியது சாட்சாத் அவள்தான்.

"என்ன எழுதியிருக்கு?" என்றாள், ஒன்றும் தெரியாத பிள்ளை போல.

"'விடியும்வரை காவல்' ஆல்பம் தெரியுமில்ல? அதை மறுபடி கேட்டாளாம். இப்போ பிடிக்கலையாம்."

தெரியுமாவா... 'ஜோர்தான் கரை' குழுவின் அந்த ஆல்பம் தெரியாத வீடு இந்த மலையில் உண்டா? கர்த்தரின் பெயரைச் சொல்லிக்கொண்டே டிரம்ஸை அப்படி வெளுத்துக் கட்டலாம் என்று சபை மூப்பர்களையே ஒப்புக்கொள்ள வைத்த ராக் ஆல்பம் அது. பதினாலு வயதில் ருவாதி அதைப் போர்வைக்குள் வைத்துத் தேயத் தேயக் கேட்டவள். கலைந்துபோன குழு மறுபடி சேர்ந்து பாடப்போகிறது என்றதும், பத்திரிகைக்காரர்கள் அவளிடம்தான் வந்தார்கள். ரசிகை நாலு வார்த்தை நல்லதாக எழுதுவாள் என்று நம்பி வந்தார்கள், பாவம். அவளும் ஆசையாகத்தான் கேட்க உட்கார்ந்தாள். நாலாவது பாட்டுக்குள் எரிச்சல் வந்துவிட்டது.

"இதைக் கேளுங்க. 'கிடார், செங்குத்து ரோட்டில் ரெண்டாம் கியரில் ஏறும் வண்டி மாதிரி முனகுகிறது.' சரி, இதை விடுங்க, அது உண்மைதான். அடுத்தது பாருங்க... 'எல்லா அழுகையும் கடைசிச் சரணத்தில் டக்கென்று நின்றுவிடுகிறது. இதை எழுதியவர் ஒருநாளும் ஆண்டவரிடம் கோபப்பட்டதில்லை. அல்லது கோபப்பட்டு, அதை மறைத்துவிட்டார்.' மறைச்சுட்டாராம். இவ வந்து பாத்தாளா?"

"பாக்கல. கேட்டேன்."

"என்னது?"

"காதாலதான். கம்மல் மாட்டற இடத்துக்கு மேல ஒரு ஓட்டை இருக்கு, அது வழியா."

அவன் வாய் திறந்தது, மூடியது. பத்திரிகையை ஒருமுறை பார்த்தான், அவளை ஒருமுறை பார்த்தான். காது நுனிவரை சிவந்தது. ஆனால் ஆள் இறங்கி வருகிற ஜாதி இல்லை.

"நான் ஸோவா. பேஸ் கிடார். பாட்டெல்லாம் எழுதினதும் நான்தான்."

இப்போது ருவாதியின் வாய் மூடிக்கொண்டது. அட்டைப் படத்தில் ஓரமாக, முகம் முழுக்க முடி விழ நின்றவனா இவன்? அந்த முடிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எத்தனை நாள் யோசித்திருக்கிறாள்... இருந்ததெல்லாம் திமிர்தான் போலிருக்கிறது!

"உங்க வீடு எங்க?" என்றான். "நேர்ல வந்து, ஒவ்வொரு பாட்டா வச்சுப் பேசிடலாம். எழுதிட்டு ஓடறது ஒரு வீரமா?"

"யாரு ஓடினா? சான்மாரியில சபைக்குக் கீழ் வீடு. எலிசாப் மூப்பர் வீடுன்னா யாரு வேணா காட்டுவாங்க. வாங்களேன்."

"நாளைக்கே வரேன்."

இருவருக்கும் இருந்த ஆத்திரத்தில், எந்த நேரத்துக்கு வருவது என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

பகலெல்லாம் அவனுக்கு வேலை. அதனால் மறுநாள் இருட்டிய பிறகு வந்தான். சாட்சிக்குக் கிடார் வேண்டுமே என்று அதையும் தூக்கிக்கொண்டு வந்தான். மூப்பர் வீட்டுக்குப் போகிறோமே என்று முகம் கழுவி, தலைவாரி, இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். சாப்பாடு முடிந்த நேரத்தில் ஒரு பையன் இந்தக் கோலத்தில் பெண் இருக்கும் வீட்டுக் கதவைத் தட்டினால், ஐஸாலில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: பெண்ணோடு பேசிப் பழக வந்திருக்கிறான். கதவைத் திறந்த அம்மாவின் முகத்தில் அந்த அர்த்தம் அப்படியே விரிந்தது. அடுத்த நொடி அடுப்பில் டீத்தண்ணீர் ஏறியது.

அப்பா டி.வி. சத்தத்தைக் குறைத்து, சோபாவில் நகர்ந்து இடம் விட்டார். "உட்காரு தம்பி. எந்த ஏரியா? எந்த சபை? அப்பா அம்மா சௌக்கியமா?"

"அம்மா மட்டும்தாங்க. அப்பா காலமாயிட்டார்," என்றான் ஸோவா. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. திருதிருவென்று விழித்தான்.

ருவாதிக்குத் தலையை எங்காவது முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. இப்படி வருகிற பையனிடம் பெண் முகம் சுளிக்கக் கூடாது. எழுந்து உள்ளே போய்விடக் கூடாது. போனால், மூப்பர் மகளுக்கு மரியாதை தெரியவில்லை என்று குடும்பத்துக்கே கெட்ட பெயர். டீயும் வெல்லத் துண்டும் கொண்டுவந்து வைத்து, எதிரில் உட்கார்ந்து, கம்பளிப் பின்னலைக் கையில் எடுத்துக்கொண்டு புன்னகை செய்தாள்.

"சிரிங்க. அப்பா பாக்கறார்," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"சிரிச்சுக்கிட்டேதான் கேக்கறேன். ஆறாவது பாட்டுல என்ன குறை?"

"சிரிச்சுக்கிட்டே சொல்றேன். ஆறாவதும் மூணாவதும் ஒரே பாட்டு."

டீ அவனுக்குப் புரையேறியது. அம்மா ஓடிவந்து தலையில் தட்டினாள். எவ்வளவு வெட்கப்படுகிற பிள்ளை என்று அவளுக்கு ஒரே சந்தோஷம்.

"நான் சண்டை போடத்தான் வந்தேன்னு உங்க அப்பாகிட்ட சொல்லிடறேன்," என்றான் மூச்சு வந்ததும்.

"தாராளமா சொல்லுங்க. உங்க பொண்ணைப் பாக்க வரலன்னு மூஞ்சிக்கு நேரா சொன்ன மாதிரி ஆகும். நாளைக்கு பஜார் முழுக்க அதான் பேச்சு."

"அப்போ இன்னைக்கோட நிறுத்திக்கறேன்."

"ஒரே ஒரு நாள் வந்துட்டுக் காணாமப் போனா அது இன்னும் கேவலம். வந்து பாத்தான், சகிக்கலன்னு ஓடிட்டான்னு சொல்லுவாங்க."

"ஐயோ ஆண்டவரே," என்றான் அவன், மனதார.

ஆக, அடுத்த நாளும் வந்தான். அதற்கடுத்த நாளும் வந்தான். ஒரு நாளைக்கு ஒரு பாட்டு என்று கிடாரை மடியில் வைத்துக்கொண்டு குசுகுசுவென்று அடித்துக்கொண்டார்கள். இரண்டாவது பாட்டில் மனிதர்களே இல்லை, வெறும் மலையும் வெளிச்சமும்தான் என்றாள். மலையில் பிறந்தவன் வேறெதை எழுதுவான் என்றான். ஐந்தாவது பாட்டின் நடுவில் வரும் அந்த பேஸ் துணுக்கு மட்டும் இன்றும் உயிரை உருக்குகிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அவன் அதை மெதுவாக வாசித்தான்... தலை குனிந்து வாசித்தவனின் இமைகளைப் பார்த்துக்கொண்டிருந்ததில் பின்னல் தப்பிப்போனது. மறுநாள் மாலை புதிதாக வாங்கிய புவான் துணியை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டாள். பழையது அழுக்காக இருந்தது, அவ்வளவுதான். வேறு காரணம் ஏதாவது உண்டா என்று கண்ணாடியில் தெரிந்த முகத்தை மிரட்டிக் கேட்டாள். அது சிரித்தது. எரிச்சலாக வந்தது.

கடைசிப் பாட்டின் முறை வந்த மாலை அப்பாவும் அம்மாவும் உள்ளே இருந்தார்கள். அவன் கிடாரைத் தொடவில்லை.

"உண்மையைச் சொல்லுங்க. இந்தப் பாட்டு மேல மட்டும் ஏன் இவ்ளோ கோபம்?"

ருவாதி பின்னலை மடியில் வைத்தாள். கேலியாக ஏதாவது சொல்லத்தான் நினைத்தாள். வரவில்லை.

"எங்க அண்ணன் மோயா... பைக்கில போறப்ப மழையில சறுக்கி விழுந்து, செத்துப் போயிட்டான். எனக்கு அப்போ பதினாலு வயசு. 'விடியும்போது உன் கண்ணீர் காயும்'னு நீங்க எழுதியிருந்தீங்க. நான் நம்பினேன். தினமும் விடியறதுக்காகக் காத்துக்கிட்டு இருப்பேன். விடியும். காயாது. பாட்டு பொய் சொல்லாது, என் விசுவாசத்துலதான் கோளாறுன்னு நினைச்சேன். இத்தனை வருஷமா அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன்."

வெளியே தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது.

"அந்தப் பாட்டுக்குக் கடைசிச் சரணமே கிடையாது," என்றான் ஸோவா. "அப்பா போனப்ப எழுதினேன். ஏன் எடுத்துக்கிட்டன்னு கேட்டுட்டு, அப்படியே நின்னுடும். ஆறுதல் இல்லாத பாட்டை சபைப் பிள்ளைங்க எப்படிப் பாடுவாங்கன்னு பதிவு பண்ணவங்க கேட்டாங்க. ஸ்டுடியோ படியில உட்கார்ந்து, குடுத்த டீ ஆறுறதுக்குள்ள நாலு வரி எழுதிக் குடுத்தேன். நீங்க எழுதினது சரிதான். கோபப்பட்டேன், மறைச்சுட்டேன்."

டீ ஆறுவதற்குள்... அவள் ராத்திரி ராத்திரியாக நம்பிய வரிகள் டீ ஆறுவதற்குள் எழுதியவை. கத்தலாமா, அவன் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று புரியாமல் உட்கார்ந்திருந்தபோது, நேரம் காலம் தெரியாமல் அப்பா உள்ளிருந்து வந்தார்.

"ருவாதி, அடுத்த இதழ்ல இவங்களைப் பத்தி நல்லதா நாலு வரி எழுதிடும்மா. கச்சேரி வருது. தம்பியும் தினம் வீட்டுக்கு வர்ற பிள்ளை. மனசு நோகக் கூடாது பாரு."

வேண்டாம் என்று அவன் சொல்லியிருக்கலாம். பெரியவர் பேச்சை வெட்டக் கூடாதென்று, அந்த மகா மரியாதைக்காரன் தலையை ஆட்டிவைத்தான்.

ருவாதிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாசல்வரை வழியனுப்ப வந்தவள் கேட்டேவிட்டாள். "இதுக்குத்தான் தினமும் வந்தீங்களா? என் வாயால மாத்திச் சொல்ல வைக்கத்தானா?"

அவன் முகம் வெளிறியது. "அப்படித்தான் தோணுதா உங்களுக்கு?"

"வேற எப்படித் தோணணும்?"

அவன் கிடாரை எடுத்துக்கொண்டு, குடையை மறந்து, மழையில் இறங்கிப் போனான். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அம்மா மட்டும் ஒரு கோப்பை டீ அதிகமாகப் போட்டுவிட்டு, கதவைப் பார்த்தாள். மகளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். ருவாதி அடுத்த இதழுக்கு ஒரு வரியும் எழுதிக் கொடுக்கவில்லை. கோபமெல்லாம் அவன்மேல்தான். அவன் வராததுமேல் அதைவிடக் கோபம்.

கச்சேரிக்குப் போகக் கூடாது என்றிருந்தவளை அம்மாதான் கிளப்பினாள். மோயா போனபின் எந்தக் கச்சேரிக்கும் வராத அம்மா, தானே செருப்பை மாட்டிக்கொண்டு நின்றால் எப்படி மறுப்பது?

மண்டபம் நிறைந்து வழிந்தது. முனகுகிற கிடார் முனகியது. சனம் கொண்டாடியது. கடைசிப் பாட்டுக்கு ஸோவா முன்னால் வந்தான். இளைத்திருந்தான். நன்றாக வேண்டும் என்று நினைத்தாள், நினைத்த வேகத்தில், சரியாகச் சாப்பிடுகிறானா என்று கவலைப்பட்டாள்.

"இந்தப் பாட்டோட கடைசிச் சரணம் நான் மனசார எழுதினது இல்ல," என்றான் மைக்கில். "ஒருத்தர் அதைக் கண்டுபிடிச்சு எழுதினாங்க. அவங்க எழுதினது சரி. அதனால இன்னைக்கு அதைப் பாடப்போறதில்ல."

பாடினான். ஏன் எடுத்துக்கொண்டாய் என்று கேட்டு, கேட்ட இடத்திலேயே நின்றான். ருவாதியின் கண்கள் நிறைந்துவிட்டன. இதைத்தானே பதினாலு வயதில் கேட்டிருக்க வேண்டும்...

மண்டபத்தில் ஊசி விழுந்தால் கேட்கும் மௌனம். அதைக் கொஞ்சம் அனுபவிக்க விட்டார்களா? முன்வரிசையில் யாரோ ஒரு பெரியவர் கனத்த குரலில் கடைசிச் சரணத்தை எடுத்துவிட்டார். இந்த ஊரில் ஒரு பாட்டைப் பாதியில் நிறுத்திவிட முடியுமா? உடனே ஆண்கள் சேர்ந்தார்கள், பெண்கள் சேர்ந்தார்கள். ஒரு நிமிடத்தில் மண்டபம் முழுவதும் நாலு குரலாகப் பிரிந்து, பிசிறில்லாமல் பாடியது. வேண்டாம் வேண்டாம் என்று ஸோவா கையை ஆட்டினான். தாளம் போடுகிறான் என்று நினைத்து இன்னும் சத்தமாகப் பாடினார்கள்.

அடப்பாவிகளா என்று ருவாதி பல்லைக் கடித்தாள். அப்போது தன் முழங்காலில் ஒரு கை தாளம் தட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. அம்மா. கண்ணை மூடி, கன்னமெல்லாம் வழிய, இரண்டாம் குரலில் பாடிக்கொண்டிருந்தாள். ஒரு சொல் தடுமாறவில்லை.

"உனக்கு இது தெரியுமாம்மா?"

"தினமும் சமையல்கட்டுல பாடறதுதான். உனக்குக் கேட்டா நீ அழுவேன்னு மெதுவாப் பாடுவேன்."

"காயலையேம்மா. பொய்தானே சொல்லுது."

"காயலதான். யாரு காஞ்சுதுன்னா?" அம்மா புவான் நுனியால் கண்ணைத் துடைத்தாள். "காய வையின்னு கேக்கறேன். அவர்கிட்ட கேக்கறதுக்கு எனக்கு வேற வார்த்தை தெரியாது."

ருவாதி பாடவில்லை. ஆனால் அம்மாவின் கையை, பாட்டு முடியும்வரை, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வெளியே தூறல். மண்டபத்தின் பின்படியில் அவன் தனியாக நின்றிருந்தான்.

"பாத்தீங்களா?" என்றான் அவளைக் கண்டதும். "ஒரே ஒரு நல்ல காரியம் பண்ண நினைச்சேன். ஊரே சேர்ந்து கெடுத்துட்டாங்க."

"உங்க பாட்டை அவங்க எப்பவோ எடுத்துக்கிட்டாங்க. நீங்க நிறுத்தினா நிக்குமா?" அவள் அருகில் வந்தாள். "என் கட்டுரையில பாதி தப்பு. அந்த வரி எனக்கு உதவல, ஆனா எங்கம்மாவைத் தாங்கியிருக்கு. அதை எழுதுவேன். நீங்க கேட்டதுக்காக இல்ல."

"நான் கேட்கவே இல்ல ருவாதி. முதல் நாள்தான் சண்டைக்கு வந்தேன். ரெண்டாம் நாள்லேருந்து..." அவன் நிறுத்தினான். எச்சில் விழுங்கினான். "உங்களைப் பாக்கத்தான் வந்தேன். வராத நாளெல்லாம் சான்மாரி திருப்பம் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனேன். பாட்டு எழுதறவன்னு பேரு, இதைச் சொல்ல ஒரு வார்த்தை வரல."

மழைத்துளி அவன் இமையில் தங்கியிருந்தது. அந்தக் கண்களில் இப்போது கோபம் இல்லை. பயம்தான் இருந்தது. இவ்வளவு பெரிய ஆள், தன் பதிலுக்கு இப்படிப் பயப்படுகிறானே என்று அவளுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

"ஆல்பம் சுமார்தான்," என்றாள். "எத்தனை தடவை கேட்டாலும் அப்படித்தான் சொல்லுவேன்."

"சொல்லுங்க."

"உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. அதையும் எத்தனை தடவை கேட்டாலும் சொல்லுவேன்."

அந்த இரண்டாவதை மட்டும், மெதுவாக, அவன் இன்னொரு தடவை கேட்டான்.