கட்டைவிரல் ஊன்றும் இடம்

கையை எடுத்தபின் இரைந்துகொண்டே இருக்க வேண்டிய கிட்டார் பாதியில் அடங்கிவிட்டது.

பேஸ் கிட்டார் வைத்திருப்பவர்களுக்குப் பழகிப்போன விஷயம் இது. விரல் கம்பியில் பட்டுக்கொண்டிருக்கும்வரை, ஒலியைப் பெருக்கும் ஆம்ப் பெட்டி வாயை மூடிக்கொண்டிருக்கும். விரலை எடுத்தால் பூனை உறுமுவதுபோல ஓர் இரைச்சல் எழும். மறுபடி தொட்டால் அடங்கிவிடும். மனித உடம்பு பட்டால்தான் அதற்கு அமைதி. அவன் கிட்டாரை ஸ்டாண்டில் சாய்த்துவிட்டு, துடைக்கும் துணியை எடுக்க அறையின் மறுமூலைக்குப் போயிருந்தான். வழக்கம்போல இரைச்சல் எழுந்தது. துணியை உதறி மடித்துக்கொண்டிருக்கும்போது, யாரோ கம்பிகளின்மேல் உள்ளங்கையை வைத்ததுபோலச் சட்டென்று நின்றது.

திரும்பிப் பார்த்தான். கிட்டார் வைத்த இடத்தில்தான் இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. அந்த அறையில் இன்னொரு ஆள் நிற்கவே இடம் போதாது.

"வயர் எங்கயோ லூஸா இருக்கு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அன்று காலையில்தான் சாப்பாட்டு மேசையில் பாதியைப் பிடித்துக்கொண்டு, மனைவியின் முணுமுணுப்பைக் கேட்டும் கேளாமலும், பழைய பிக்கப்பைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தியிருந்தான். கம்பிகளுக்கு அடியில் உட்கார்ந்து அவற்றின் அதிர்வைப் பிடித்து ஆம்ப்புக்கு அனுப்பும் கறுப்புக் கட்டைதான் பிக்கப். முதன்முறையாக அவனே கைப்படச் செய்த வேலை. ஏதாவது ஒரு முனை சரியாக ஒட்டாமல் இருக்கலாம் என்று நினைத்தபோது மனம் கொஞ்சம் சமாதானமாயிற்று.

பகலில் அவன் பற்கள் செய்பவன். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்துப் பொய்ப்பல் கட்டும் கூடத்தில் பதினேழு வருஷமாக வேலை. நாற்பதைத் தாண்டியபின் திடீரென்று பேஸ் கிட்டார் கற்றுக்கொள்ளும் பைத்தியம் பிடித்தது. வாங்கினான், விற்றான், அதைவிட நல்லதாக இன்னொன்று வாங்கினான். இது மூன்றாவது. கிட்டார் மாறியதே தவிர வாசிப்பு மாறவில்லை. எந்தப் பாட்டை எடுத்தாலும் நான்காவது சுற்றின் கடைசியில் அரைத் தாளம் பின்தங்கிவிடுவான். "கடைசிப் படி ஒண்ணு இருக்குறதை மறந்துட்டு இறங்குறவர் மாதிரியே வாசிக்கிறீங்க," என்பாள் மனைவி. அவள் சங்கீதம் படித்தவள் இல்லை, ஆனால் அந்தத் தடுமாற்றத்தை எந்த வேலையில் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் முகம் சுளித்த பிறகு, சாமான் போடும் அறையைக் காலி செய்து வாசிப்பறை ஆக்கினான். நாலு சுவரிலும் பஞ்சுப் பாளம். ஜன்னலை அடைத்தாயிற்று. கதவின்மேல் இன்னொரு பலகை அறைந்து, இடுக்குகளில் ரப்பர் பட்டை. உள்ளே கத்தினாலும் வெளியே கேட்காது. ஆனால் பேஸின் அடிக்குரலை எந்தப் பஞ்சாலும் தடுக்க முடியாது. அது சுவருக்குள் புகுந்து, தரைவழியாக ஓடி, சமையலறைத் தட்டுகளை நடுங்கவைக்கும். அதை வைத்துத்தான் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஓர் ஒப்பந்தம். "சத்தம் வந்தா நான் கதவுப் பக்கமே வரமாட்டேன். நின்னா வந்து கூப்பிடுறேன், சரியா?" என்று அவள்தான் சொன்னாள். இரண்டு வருஷமாக அந்த ஒப்பந்தம் மீறப்பட்டதில்லை.

அன்று ஐந்து மணிக்கு அவள் கிளம்ப வேண்டும். உடம்பு சரியில்லாத அக்கா வீட்டில் மூன்று நாள். மணி நாலு ஆகியிருந்தது. கிளம்புகிறவளுக்குப் பெட்டி கட்ட உதவலாம் என்று துணியை வைத்துவிட்டுக் கதவருகே போய்க் கைப்பிடியைத் திருகினான்.

கைப்பிடி கையோடு வந்துவிட்டது. மறுபக்கத்துப் பாதி வெளியே தரையில் விழுந்த அதிர்வு காலில் தெரிந்தது.

ஒரு மாதமாக ஆடிக்கொண்டிருந்த கைப்பிடி. "பிக்கப் மாத்த நேரம் இருக்கு, கைப்பிடி மாத்த நேரம் இல்ல," என்று நேற்றுக்கூட இடித்துக் காட்டியிருந்தாள். திருப்புளி, குறடு எல்லாம் சாப்பாட்டு மேசைமேல், கழற்றிப்போட்ட பழைய பிக்கப்போடு கிடந்தன. கைபேசியும் அங்கேதான், பக்கத்தில் இருந்தால் ஆம்ப்பில் கரகரவென்று சத்தம் வரும் என்று வாசிக்கும்போது எப்போதும் வெளியில் வைத்துவிடுவான். அசடு வழிய நின்றான். அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்ற கவலைதான் அப்போது இருந்தது. வாசிப்பு நின்றுவிட்டது, எப்படியும் வந்து கூப்பிடுவாள். ஸ்டூலில் உட்கார்ந்தான்.

சர்ரக்.

மிகச் சின்னச் சத்தம். பிளாஸ்டிக்மேல் நகம் உரசுவதுபோல. ஆம்ப் வழியாக வந்தது.

சர்ரக். சர்ரக். பிக்கப்பின் மேல்முனையில் ஒருமுறை, கொஞ்சம் கீழே தள்ளி ஒருமுறை. இருட்டில் மேசையைத் தடவி மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறவரின் பொறுமையோடு அது நகர்ந்தது. அறையில் பழைய இரும்பின் வாடையும், வெகுநாள் துவைக்காத தலையணை உறையின் வாடையும் எழுந்தன. கம்பிகளின் வாடை. பழைய கம்பிகளை அவன் மாற்றியிருக்கவில்லை. நன்றாக ஊறிய கம்பிக்குத்தான் குரல் கனிந்து வரும் என்று பேஸ் வாசிக்கிறவர்கள் வருஷக்கணக்கில் வைத்திருப்பார்கள். வேறொருவருடைய விரல் வியர்வை முப்பது வருஷமாக ஊறிய கம்பிகள்.

விற்றவள் நினைவுக்கு வந்தாள். கிட்டார்ப் பெட்டியை வீட்டுக்குள் வைத்திராமல் வாசல் கேட்டுக்கு வெளியே வைத்துக்கொண்டு காத்திருந்த பெண். "அப்பாவோடது. முப்பது வருஷம் இதே கிட்டார்தான். கடைசில ரூமை விட்டு வெளிய வரவே இல்ல. மூணு நாள் வாசிப்பு நிக்கவே இல்லைங்க, அதனால நாங்களும் கதவைத் தட்டல."

"அப்புறம்?" என்று கேட்டிருந்தான்.

"அப்புறம் தட்டினோம்," என்றாள். பெட்டியை அவன் பக்கம் தள்ளும்போது, "எதையும் மாத்தாதீங்க, சார். அப்படியே இருக்கட்டும்," என்றும் சொன்னாள்.

மாற்றிவிட்டான். கழற்றும்போது அந்தப் பழைய பிக்கப்பின் ஓரத்தில் ஒரு குழிவைப் பார்த்தான். பேஸ் வாசிக்கிறவனுக்கு வலதுகைக் கட்டைவிரலை ஊன்ற ஓர் இடம் வேண்டும். அங்கே ஊன்றிக்கொண்டால்தான் மற்ற விரல்கள் கம்பியில் நடக்கும். முப்பது வருஷம் ஒரே இடத்தில் ஊன்றி, கடைவாய்ப்பல் தேய்வதுபோல அந்தக் கறுப்புக் கட்டை வழவழவென்று தேய்ந்திருந்தது. தேய்மானம் பார்க்கத் தெரிந்தவன் அவன். அழகாக இருக்கிறது என்றுகூட நினைத்தான். பிறகு முனை கூரான புதிய பிக்கப்பை அந்த இடத்தில் வைத்துத் திருகினான்.

சர்ரக்.

தேடுகிறது. ஊன்ற இடம் தேடுகிறது.

அவன் எழுந்து கதவைத் தட்டினான். "ஏம்மா, கதவைத் திற," என்றான், இயல்பான குரலில் சொல்வதாக நினைத்துக்கொண்டு. பஞ்சு அந்தக் குரலை உறிஞ்சிக்கொண்டது. அவனுக்குப் பின்னால் முதல் ஸ்வரம் எழுந்தது.

தடித்த, கனிந்த, தடுமாறாத ஸ்வரம். தொடர்ந்து இன்னொன்று. அவன் இரண்டு வருஷமாகப் பழகும் அதே பாட்டு, அவன் வாழ்நாளில் வாசிக்க முடியாத வாசிப்பு. திரும்பிப் பார்த்தபோது தடித்த கம்பி மூன்றாவது கட்டத்தில் மரத்தோடு அழுந்தியிருந்தது. அழுத்தும் விரல் இல்லை. கம்பி மட்டும் அழுந்தி, விலகி, அடுத்த கட்டத்தில் அழுந்தியது.

ஆம்ப்பை அணைக்க வேண்டும். சத்தம் நின்றால் அவள் வருவாள். சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினான். அறை அமைதியாயிற்று. உள்ளங்காலில் அவளுடைய நடை தெரிந்தது. சமையலறையிலிருந்து புறப்பட்டு, கூடத்தைத் தாண்டி, இந்தப் பக்கமாக. நாலு அடி. மூன்று அடி. அழுகை வரும்போல அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

தரை அதிர்ந்தது. அதே பாட்டு, விட்ட இடத்திலிருந்து. பிளக் அவன் கையில் இருந்தது. ஆம்ப்பின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

வெளியே நடை நின்றது. திரும்பிப் போயிற்று.

அவன் கத்தினான். வாயைத் திறக்கும்போதெல்லாம் ஸ்வரம் பருத்து எழுந்து குரலை மூடிற்று. மூடினால் அதுவும் தணிந்தது. கதவை இரண்டு கையாலும் குத்தினான். ஒவ்வொரு குத்தும் சரியாகத் தாளத்தில் விழுந்தது. தாளம் தப்பிக் குத்தினான். பாட்டு நகர்ந்துவந்து அந்தக் குத்தின் கீழே நின்றுகொண்டது. வெளியே இருப்பவளுக்கு அது மேளம். கிட்டாரைத் தூக்கிக் கதவில் அடித்து உடைக்கலாம். அதற்கு அதைத் தொட வேண்டும். தொட அவனால் முடியவில்லை.

மண்டியிட்டான். கதவின் அடி ரப்பரை வெகுநேரம் நகத்தால் கிளறினான். நன்றாகத்தான் அறைந்திருக்கிறான், பாவி. இரண்டு நகங்கள் பிய்ந்தன. ஊசி நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி கிடைத்தது. வெளிக் காற்று. சோப்பு வாசனை. அவள் முகம் கழுவிக் கிளம்பத் தயாராகிவிட்டாள். கைக்கடிகாரத்தில் ஐந்தாக இரண்டு நிமிஷம்.

பெட்டியின் சக்கரங்கள் உருண்டு வந்து கதவருகே நின்றன.

"என்னங்க," என்றாள். எங்கோ கிணற்றடியிலிருந்து வருவதுபோலக் கேட்டது. "நான் கிளம்புறேன். வாசிப்பு நிக்கும்னு பார்த்தேன், நிக்கவே இல்ல." பெட்டியின் சக்கரம் ஒருமுறை முன்னும் பின்னும் நகர்ந்தது. "ஏங்க, உள்ள நீங்கதானே வாசிக்கிறீங்க? இன்னைக்கு வேற யாரோ வாசிக்கிற மாதிரி இருக்கு."

பதினைந்து வருஷத்தில் அவளை அந்த ஒரு நொடி நேசித்ததுபோல அவன் நேசித்ததில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது. இவ்வளவு சுத்தமாக வாசிக்கத் தன் புருஷனால் ஆகாது என்று அவளுக்குத் தெரியும். கன்னத்தைத் தரையில் அழுத்தி, இடைவெளியில் வாயை வைத்து, "நான் இல்ல. நான் இல்ல. திற," என்றான்.

பாட்டு பருத்து எழுந்தது. முதல் சுற்று. இரண்டாவது. ஒரு பிசிறில்லை. மூன்றாவது. அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். செருப்பு நுனியின் நிழல் தெரிந்தது. நான்காவது சுற்று தொடங்கிற்று.

கடைசியில், அரைத் தாளம் பின்தங்கிற்று.

அவனுடைய தடுமாற்றம். அச்சு அசலாக. கடைசிப் படியை மறந்து இறங்கும் கால்.

வெளியே அவள் சிரித்தாள். "ம். நீங்களேதான்," என்றாள். "சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். வாசிச்சு முடிச்சிட்டு சாப்பிடுங்க."

சக்கரங்கள் உருண்டன. வாசல் கதவு சாத்தப்பட்டது. பூட்டில் சாவி இரண்டு முறை திரும்பியது தரைவழியாகக் கன்னத்தில் தெரிந்தது.

அவன் கத்தவில்லை. கத்துவதற்கு வெளியே ஆள் இல்லை. கிடந்தபடியே கிடந்தான். தரையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, நான்காவது சுற்றில் தவறாமல் தடுக்கி.

அப்போது ஆம்ப் இரைய ஆரம்பித்தது.

மெல்லிய, பூனை உறுமல். பாட்டு நிற்கவில்லை. ஆனால் இரைச்சல் வருகிறது. கம்பிகளில் இப்போது கை இல்லை.

கையை எடுத்தாயிற்று.

மூச்சை அடக்கினான். அந்த வாடை நெருங்கி வந்தது. இரும்பு. தலையணை உறை. சட்டைக் காலருக்குள், பின்னாலிருந்து, காய்ந்த ஏதோ ஒன்று நுழைந்து தோள் எலும்பைத் தடவிற்று. கொஞ்சம் மேலே. கொஞ்சம் கீழே. பொறுமையாக. கழுத்தெலும்பின் மேலிருந்த சிறு குழிவில் வந்து நின்றது. அழுத்திப் பார்த்தது. அங்கேயே ஊன்றிக்கொண்டது.

இரைச்சல் நின்றது.