முப்பத்திரண்டாவது தலை

காலை 9.10. நாலாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பெண்ணின் பைக்குள் ஒரு பேன் சீப்பு கிடைத்தது. பல்லிடுக்கில் மூன்று பேன்கள் உயிரோடு நெளிந்தன. கண்டெடுத்தவர் வகுப்பு டீச்சர்.

ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்க அந்தப் பள்ளியில் ஆளுக்கா பஞ்சம்? நாலைந்து நாளாக வகுப்பே தலையைச் சொறிந்துகொண்டிருந்தது. பெற்றோர் தினமும் வந்து சத்தம் போட்டார்கள். 9.30க்குத் தலைமையாசிரியை முடிவெடுத்துவிட்டார். மதியம் ஒரு மணிக்கு அந்தப் பெண்ணின் அம்மா வருவார். டி.சி.யைக் கையில் கொடுத்து அனுப்பிவிட வேண்டியதுதான்.

பள்ளி நர்ஸ் அந்தப் பெண்ணைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அந்தப் பெண்ணுக்கு இது மூன்றாவது பள்ளிக்கூடம். பேன்காரி என்ற பெயரோடு போனால் நாலாவது பள்ளியில் யார் பக்கத்தில் உட்காருவார்கள்?

"இந்தச் சீப்பு உன்னுதாம்மா?"

"இல்ல சிஸ்டர்."

"இங்க சேர்ந்து எத்தன நாளாச்சு?"

"மூணு வாரம்."

நர்ஸ் அவள் தலையை வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்தார். பேன் இருந்தது. ஈரும் இருந்தது. ஆனால் எல்லா ஈரும் தோலை ஒட்டியே இருந்தன. பொரித்துப்போன வெள்ளைக் கூடு ஒன்றுகூட இல்லை. ஈர் பொரிக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அப்படியானால் இவளுக்குப் பேன் வந்தே ஒரு வாரம்தான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

10.00. மற்ற முப்பது பிள்ளைகளும் வரிசையில் வந்தார்கள். பதினோரு தலையில் பேன். எல்லாமே புதுசு. 12.05க்குக் கடைசித் தலையும் முடிந்தது. பழைய கூடு எங்குமே இல்லை. இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை.

மறுபடி சீப்பை எடுத்து லென்சை வைத்துப் பார்த்தார். ஒரு நீள முடி வேரோடு சிக்கியிருந்தது. வேரிலிருந்து இரண்டு விரல் தள்ளி ஒரு வெற்றுக் கூடு. வேருக்குப் பக்கத்தில் ஒரு விரல் அளவுக்கு முடி வெள்ளை, அதற்குமேல் கன்னங்கரேல்.

12.20. வகுப்பு வாசலில் போய் நின்றார். டீச்சர் ஒரு பையனை அருகில் நிறுத்தி, தலையோடு தலை சாய்த்து அவன் கணக்கைத் திருத்திக்கொண்டிருந்தார். பேனா மூடி கொண்டைக்குள் போய்ப் போய் வந்தது.

12.35. ஆசிரியர் அறையில் இருவர் மட்டும்.

"கொண்டைய அவிழ்க்கிறீங்களா டீச்சர்?"

"எதுக்கு சிஸ்டர்?"

"முப்பத்தொரு தலை பாத்தேன். ஆனா அந்த ரூம்ல இருக்கறது முப்பத்திரண்டு. பெரியவங்க தலைய யாரும் பாக்கறதில்ல, நானும் பாக்கல."

"பேன் பிள்ளைங்களுக்குத்தான் வரும்."

"சீப்புல இருக்கற முடி டை அடிச்சது டீச்சர். அடிச்சு ஒரு மாசம் ஆச்சு, அடியில ஒரு விரல் நரை தெரியுது. மாசாமாசம் அடிக்கறவ நான், எனக்குத் தெரியாதா? முடி வளர வளர ஈர்க்கூடும் தள்ளிப் போகும், இது ரெண்டு விரல் தள்ளி இருக்கு. ரெண்டு மாசத்துப் பேன். நோட்டு திருத்தும்போது ஒவ்வொரு தலையா இறங்கிப் போயிருக்கு."

டீச்சர் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"காலையில பிள்ளைங்க பையை வெச்சுட்டு வெளிய விளையாடப் போனப்ப வகுப்புல சீவிட்டு இருந்தேன். பெரிய மேடம் திடீர்னு வந்துட்டாங்க. பக்கத்துல அவ பை இருந்துச்சு, உள்ள போட்டுட்டேன். அப்புறம் எடுக்கப் போனப்ப பிள்ளைங்க பாத்துடுச்சுங்க, அவ பையில கெடச்சதுன்னு சொல்லிட்டேன். வெளிய தெரிஞ்சா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பாடம் நடத்தறது?"

"அவ எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் படிக்கறது? நீங்களா சொல்லிடுங்க."

1.00. தலைமையாசிரியை அறை. டி.சி. மேசைமேல் இருந்தது, கையெழுத்துதான் பாக்கி. அந்தப் பெண் தலைகுனிந்து நிற்க, அவள் அம்மா கையைக் கூப்பிக்கொண்டு, "தினமும் பாத்துத்தான் மேடம் அனுப்பறேன், மன்னிச்சுக்குங்க" என்று மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருந்தார்.

டீச்சர் உள்ளே வந்து, "மேடம், அந்தச் சீப்பு என்னுது" என்றார்.

அந்தப் பெண்தான் நிமிர்ந்து கேட்டாள்.

"அப்போ எனக்கு உங்ககிட்டேருந்துதான் வந்துச்சா மிஸ்?"

"ஆமாம்மா."

அம்மா கூப்பிய கையைக் கீழே இறக்கினார்.